கல்லைக் கண்டவர் கோரிக்கையைக் காணவில்லை

(பம்பலப்பிட்டியில் நடைபெற்ற கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு.)

வன்னியிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் இரவோடிரவாகப் பயணஞ்செய்து வந்திருக்கும் கமக்காரப் பெருமக்களே, கொழும்பிலே தொழில் புரியும் வைத்தியர்களே, சட்டத்தரணிகளே, ஆசிரியர்களே!

ஆட்சியிலுள்ளோரை எதிர்த்துப் பொதுமக்கள் வீதிக்கு வரும்போது நம் நாட்டுப் பத்திரிகையும் வானொலியும் தொலைக்காட்சியும் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதைக் குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். இதனைப் பேசுவதற்குப் பம்பலப்பிட்டி தகுந்த இடமே. இங்கிருந்து காலி வீதி வழியே வடக்கு நோக்கி நடந்தால், கொள்ளுப்பிட்டியைத் தாண்டி, அலரி மாளிகையைக் கடந்து, காலிமுகத்திடலை அடையலாம். அத்திடலின் வட எல்லையிலே தூண் வரிசையோடு நிற்கும் கட்டடம் 1956இல் இந்நாட்டின் பாராளுமன்றமாக இருந்தது. 2022இல் அதுவே சனாதிபதி செயலகம். இரண்டு ஆண்டுகளிலும் அதன் எதிரே மக்கள் போய் அமர்ந்தார்கள். இரண்டு முறையும் அடிபட்டார்கள்.

1956 யூன் 5ஆம் நாளை நினைத்துப் பாருங்கள். சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் மசோதா உள்ளே கொண்டுவரப்பட்ட வேளையில், வெளியே தந்தை செல்வநாயகம் அவர்களின் தலைமையில் சத்தியாக்கிரகிகள் புற்றரையில் அமைதியாக அமர்ந்திருந்தனர். கையிலே தடியில்லை, வாயிலே வசையில்லை. காடையர் கூட்டம் அவர்களைச் சூழ்ந்து தாக்கிற்று. காவல் துறை பார்த்துக்கொண்டு நின்றது. வட்டுக்கோட்டைப் பிரதிநிதி அமிர்தலிங்கம் அவர்கள் உடைந்த தலையிற் கட்டோடு சபைக்குட் சென்றார். அதன்பின் கொழும்பிலே தமிழர் கடைகள் சூறையாடப்பட்டன. கல்லோயாவிலே உயிர்கள் பறிக்கப்பட்டன. இன்று நூல்களைப் புரட்டினால் இவையனைத்தும் "1956 கலவரம்" என்ற ஒரே தலைப்பின்கீழ்க் கிடக்கின்றன. கலவரம் என்ற அச்சொல்லிலே அடித்தவன் எங்கே? அடிபட்டவன் எங்கே? புலியும் மானும் மோதிக்கொண்டன என்று எழுதினால், அது பொய்யென்று வழக்காட முடியாது. ஆயினும் படிப்பவன் உண்மையை அறிந்தவனாகமாட்டான்.

நான் சொல்லவந்தது இதுதான். ஒரு செய்தித்தாளின் பக்கச்சார்பு பெரும்பாலும் பொய்யிலே இருப்பதில்லை. பொய்யை எளிதிற் பிடித்துவிடலாம். சார்பு இருக்குமிடம் வேறு. எந்தச் சொல்லைத் தேர்ந்தார்கள், யாருடைய வாயிலிருந்து கேட்டார்கள், எதை முதல் வரியில் வைத்தார்கள், எதைக் கடைசிப் பந்தியிலிட்டு, விளம்பரம் வந்ததும் அப்பந்தியையே வெட்டினார்கள் என்பதிலேதான் அது இருக்கிறது. ஓர் ஆர்ப்பாட்டச் செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். "ஆர்ப்பாட்டத்தால் போக்குவரத்து நெரிசல், பொதுமக்கள் அவதி" என்று தலைப்பு. வீதியில் நின்றவர்கள் பொதுமக்கள் அல்லர் போலும்! பேருந்தில் இருந்தவர்கள் மட்டுமே பொதுமக்கள்! பின்பு பொலிஸ் பேச்சாளர் கூறியது. அதன்பின் அமைச்சர் கூறியது. எறியப்பட்ட ஒரு கல், உடைந்த ஒரு கண்ணாடி, அதற்கொரு படம். இவ்வளவும் படித்து முடித்தபின், இம்மக்கள் எதற்காக வந்தார்கள் என்று கேட்டால், படித்தவனுக்குத் தெரியாது. கோரிக்கை அச்சாகவில்லை. கோரிக்கை அச்சாகாவிட்டால் அமைச்சர் அதற்குப் பதிலுரைக்க வேண்டியதில்லை. கல்லுக்குப் பதிலுரைத்தாற் போதும். கல்லுக்குப் பதில் சொல்வதைப்போல் ஓர் ஆட்சியாளனுக்கு இலகுவான வேலை வேறெதுவுமில்லை.

இதை எல்லாம் கெட்ட எண்ணத்தாற் செய்கிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். பத்திரிகைத் தொழில் நடக்கும் விதத்தைச் சற்றுப் பார்க்கவேண்டும். கிளிநொச்சியிலோ மூதூரிலோ இருக்கும் பிரதேச நிருபருக்குப் பெரும்பாலும் மாதச் சம்பளமில்லை. அச்சாகும் செய்திக்கு இவ்வளவு என்றுதான் கொடுப்பார்கள். அவர் அனுப்புவதைக் கொழும்பிலுள்ள ஆசிரிய பீடம் வெட்டிக் குறுக்குகிறது. பொலிஸ் பேச்சாளரைத் தொலைபேசியில் ஒரு நிமிடத்திற் பிடித்துவிடலாம். வெயிலிலே நிற்கும் ஆயிரம் பேரிடம் போய் விசாரிப்பதற்கு அரை நாளும் பேருந்துக் காசும் வேண்டும். மாலைக்குட் பக்கம் முடிக்கவேண்டியவர் எதைத் தேர்வார்? அதிகாரியின் கூற்று எப்பொழுதும் முன்னதாகவே வந்து மேசையிற் காத்திருக்கும். ஏழையின் கூற்றை ஒருவர் தேடிச் செல்லவேண்டும். சார்பின் பாதி இந்தச் சோம்பலிலிருந்து பிறக்கிறது. மறு பாதி உரிமையாளரிடமிருந்து பிறக்கிறது.

உரிமையாளர் கதையைச் சொல்லவேண்டுமானால் 1953க்குப் போகவேண்டும். அரிசி மானியம் வெட்டப்பட்டது. 25 சதத்துக்கு விற்ற பங்கீட்டரிசி 70 சதமாயிற்று. ஒகஸ்ட் 12ஆம் நாள் நாடெங்கும் ஹர்த்தால். துப்பாக்கிச் சூட்டில் மக்கள் மாண்டனர். மந்திரிசபை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிலே கூடியது. சில வாரங்களிற் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். மானியத்தை வெட்டிய நிதி மந்திரி ஜே. ஆர். ஜயவர்த்தனா. நாட்டின் மிகப் பெரிய பத்திரிகை நிறுவனமான லேக் ஹவுஸைத் தோற்றுவித்த டி. ஆர். விஜயவர்த்தனா அவருடைய தாயின் சகோதரர். மாமன் வீட்டு அச்சியந்திரத்திலே மருமகனுக்கு எதிரான கூட்டத்தின் கோரிக்கை எத்தனையாம் பக்கத்தில் வரும்? நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தனியுரிமையை உடைக்கிறோம் என்று சொல்லித்தான் 1973இல் சட்டமியற்றி லேக் ஹவுஸை அரசு எடுத்துக்கொண்டது. நூற்றுக்கு 75 பங்குகள் பொது நம்பிக்கைப் பொறுப்பாளரின் கைக்கு மாறின. பங்குகள் பிற்பாடு பொதுமக்களுக்குப் பரவலாக்கப்படும் என்றார்கள். எங்கே பரவின? ஆட்சி மாறும் ஒவ்வொரு முறையும் பணிப்பாளர் சபை மாறுகிறது. மறுநாட் காலையில் தலையங்கமும் மாறுகிறது. ஒரு குடும்பத்தின் குரலாக இருந்தது ஒரு கட்சியின் குரலாயிற்று. அக்கட்சி தோற்றால் மற்றக் கட்சியின் குரலாயிற்று. தனியார் தொலைக்காட்சிகள் இதற்கு மாற்றாகும் என்று எண்ணியோரும் உண்டு. தெரண நிறுவனத்தின் தலைவராயிருந்த திலித் ஜயவீர 2024இல் தாமே சனாதிபதித் தேர்தலிற் போட்டியிட்டார் என்பதை மட்டும் நினைவூட்டிவிட்டு மேலே செல்கிறேன்.

கமக்காரப் பெருமக்களே, உங்கள் கதைக்கு வருகிறேன். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே வர்த்தமானியால் தடைசெய்யப்பட்டது. பயிரைக் கண்டவர் எவரையும் கேட்டுச் செய்த காரியமன்று அது. அநுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் வடக்கிலும் கிழக்கிலும் கமக்காரர் வீதிக்கு வந்தனர். விவசாய அமைச்சரின் கொடும்பாவியை எரித்தனர். அந்நாட்களில் அரச ஊடகங்களைத் திறந்தால் சேதனப் பசளையின் மகிமையே மகிமை! வீதியில் நின்றவர்களோ அரசியற் கட்சிகளாலே தூண்டிவிடப்பட்டவர்கள்; பசளைக் கம்பனிகளின் பொம்மைகள். எரிந்த கொடும்பாவிக்குப் படம் வந்தது. ஆனால் அவர்கள் சொன்னது என்ன? "சேதனப் பசளை வேண்டாமென்று நாங்கள் சொல்லவில்லை, ஒரே போகத்தில் மாற்ற முடியாது, காலந் தாருங்கள்" என்பதுதான் பலருடைய வேண்டுகோளின் சாரம். அந்தச் சாரம் தலைப்புக்கு ஏறியிருந்தால், நகரத்திலுள்ள படித்தவர்கள் அன்றே கணக்குப் பார்த்திருப்பார்கள். நவம்பரிலே தடை நீக்கப்பட்டது. அதற்குள் பெரும்போகத்தின் விதைப்புக் காலம் கைநழுவிக்கொண்டிருந்தது. 2022 சனவரியில், பத்து லட்சத்துக்கும் அதிகமான நெற்செய்கையாளருக்கு 4,000 கோடி ரூபா நட்டஈடு தருவதாக அரசே அறிவித்தது. பொம்மைகள் சொன்னது மெய்யாயிற்று! கேளாமல் விட்டதற்கு நாடு கொடுத்த விலை அது. பசியாகவும் பின்னர் கொடுத்தது.

அதன்பின்னர் தலைநகரமே வீதிக்கு வந்தது. 2022 மார்ச் 31ஆம் நாள், பதின்மூன்று மணி நேர மின்வெட்டின் இரவிலே, மிரிஹானையில் சனாதிபதி கோத்தாபயவின் இல்லத்தருகே கூட்டம் திரண்டது. சனாதிபதி ஊடகப் பிரிவு உடனே அறிக்கை விட்டது: ஒழுங்கமைக்கப்பட்ட தீவிரவாதிகள் ஊடுருவினர், அரபு வசந்தத்தை இங்கே உண்டாக்கப் பார்க்கின்றனர்! தீவிரவாதி என்ற சொல் நமக்குப் புதியதன்று. நம் பிள்ளைகள் பல்லாண்டுகளாகச் சுமந்த சொல் அது. அன்றிரவுதான் மகரகமையிலும் நுகேகொடையிலும் உள்ள சிங்களத் தாய்மார் அதன் சூட்டைத் தங்கள் பிள்ளைகளின் மேனியிற் கண்டார்கள். கைதானவர்களுக்காக நூற்றுக்கணக்கான சட்டத்தரணிகள் கட்டணமின்றி முன்வந்தனர். இந்த மண்டபத்தில் இருக்கும் சட்டத்தரணிகள் அதனை நன்கறிவார்கள். ஏப்ரல் 3ஆம் நாள் முகநூல் முதலிய சமூக வலைத்தளங்களை அரசு பதினைந்து மணி நேரமளவில் முடக்கிற்று. அச்சியந்திரத்தை அடைத்த காலம் போய்க் கைத்தொலைபேசியை அடைக்கும் காலம் வந்தது!

ஏப்ரல் 19இல் ரம்புக்கனையில் எரிபொருள் விலையேற்றத்தை எதிர்த்தோர் மீது பொலிசார் சுட்டனர், ஒருவர் இறந்தார். எரிபொருட் பவுசருக்குத் தீ வைக்க முயன்றதாலேயே சுட்டோம் என்பது பொலிசாரின் கூற்று. முதற் செய்திகள் அக்கூற்றையே சுமந்து வந்தன. ஆனால் இம்முறை அங்கு நின்றோரிடம் கைத்தொலைபேசி இருந்தது. படங்கள் வந்தன, கேள்விகள் எழுந்தன, பின்னர் உயர் பொலிஸ் அதிகாரி ஒருவரே கைதானார். படமில்லாதிருந்தால்? 1956இல் நம்மவரிடம் கைத்தொலைபேசி இருக்கவில்லை.

மே 9ஆம் நாள் அலரி மாளிகையிற் கூடிய ஆதரவாளர் தடிகளோடு புறப்பட்டு, முதலில் அதன் வாசலிலும் பின்பு காலிமுகத்திடலிலும் இருந்தோரை அடித்து, கூடாரங்களைக் கொளுத்தினர். அதற்குப் பல செய்திகள் இட்ட பெயர் "மோதல்". பழைய புலியும் மானும்! ஆனால் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. அன்று பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் நிட்டம்புவையிலே கொல்லப்பட்டார். அரசியல்வாதிகளின் வீடுகள் பல எரிந்தன. போராட்டத்தை நேசித்த ஊடகங்களிற் சில, அந்த இரவை விரைந்து தாண்டிச் சென்றுவிட விரும்பின. அதுவும் சார்பே. யூலை 13இல் இன்னொரு காட்சி. ரூபவாஹினிக் கூட்டுத்தாபனத்துக்குட் போராட்டக்காரர் நுழைந்தனர். ஒருவர் நேரடி ஒளிபரப்பிலே தோன்றி, போராட்டம் பற்றிய நிகழ்ச்சிகள் மட்டுமே இனி ஒளிபரப்பாகும் என்று அறிவித்தார். சிறிது நேரத்தில் ஒளிபரப்பே நின்றது. நாற்பது ஆண்டுகளாக ஒருதலைப்பட்சம் என்று நாம் குறைகூறிய கதிரையில் அமர்ந்தவுடன், அவரும் ஒருதலையையே கேட்டார்! அவரைப் பார்த்து நான் சிரிக்கவில்லை. அரசின் கையிலுள்ள ஒலிவாங்கி எவர் கைக்குப் போனாலும் அதே பாடலையே பாடும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. யூலை 22 விடியற்காலையிலே, புதிய சனாதிபதி பதவியேற்ற மறுநாளே, படையினர் திடலுக்குட் புகுந்து அடித்தபோது, அடிபட்டவருள் பி.பி.சி. படப்பிடிப்பாளர் ஒருவரும் இருந்தார்.

இனி நம் பக்கம் வருவோம். ஒகஸ்ட் மாதத்தில் காலிமுகத்திடற் போராட்டம் கலைந்தது. அதே ஒகஸ்ட் 12ஆம் நாள் கிளிநொச்சியில் ஒரு போராட்டம் இரண்டாயிரமாவது நாளை அடைந்தது. 2017 பெப்ரவரி 20இல், கந்தசுவாமி கோயில் முன்றலிலே, காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் தொடங்கியது அது. வவுனியாவிலும் அவ்வாண்டு சனவரியில் உண்ணாவிரதமாகத் தொடங்கித் தொடர் போராட்டமாயிற்று. போர் முடிந்த நாட்களில் தங்கள் கையாலேயே படையினரிடம் ஒப்படைத்த பிள்ளைகளுக்கு என்ன நேர்ந்தது என்று சொல்லுங்கள் என்பதுதான் அத்தாய்மாரின் கேள்வி. விடை கேளாமலே பலர் மாண்டுவிட்டனர். காலிமுகத்திடலுக்கு உலகின் படப்பெட்டிகள் எல்லாம் வந்தன; வரவேண்டியதுதான். இந்தக் கொட்டகைக்கு எத்தனை வந்தன? தென்னிலங்கையின் சிங்கள, ஆங்கில ஏடுகளிலே அத்தாய்மாரின் முகம் அரிதினும் அரிது. வந்தாலும் வெளிநாட்டுப் பணம், பிரிவினை என்ற நிழல்கள் கூடவே வரும். தமிழ் ஏடுகளிலோ முதலில் நாடோறும் வந்தது. பின்பு நூறாவது நாள், ஐந்நூறாவது நாள், ஆயிரமாவது நாள் என்று எண் வட்டமாக வரும்போது மட்டும் வந்தது. எழுநூற்றுப் பதினேழாவது நாளில் ஒரு தாய்க்கு வலிக்கவில்லையா?

அத்தாய்மார் கொழும்பு அரசை மட்டும் கேட்கவில்லை. நம்முடைய தமிழ்த் தலைவர்களையும் எதிர்த்துக் குரல் எழுப்பினார்கள். அந்தக் குரலுக்கு நமது ஏடுகள் என்ன செய்தன? சில அதைப் பெரிதாக்கின, சில அமுக்கின. எந்த ஏடு எதைச் செய்தது என்பது, அதன் உரிமையாளர் எந்த அணியில் நின்றார் என்பதைக் கேட்டவுடனேயே தெரிந்துவிடும். உதயன் உரிமையாளர் 2010 முதல் 2020 வரை பாராளுமன்ற உறுப்பினராக இருந்தார். அதே உதயன் நிலையத்தில் 2006 மே 2இல் ஊழியர் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டதையும், 2013 ஏப்ரலில் அச்சியந்திரம் எரிக்கப்பட்டதையும் நன்றியோடு நினைக்கவேண்டும். அந்த நன்றி ஒரு கேள்வியைக் கேட்பதற்குத் தடையாகாது. கட்சி ஏடு வேண்டாமென்பது என் வாதமன்று. 1947இல் தந்தை செல்வா தோற்றுவித்த சுதந்திரன் தமிழரசுக் கட்சியின் குரலாகவே வாழ்ந்தது. அதை வாங்கியவர் எவரும் ஏமாறவில்லை. முகத்தை மூடிக்கொண்டு நடுநிலை பேசும் கட்சி ஏடுதான் ஏமாற்றுகிறது. ஆயுதம் ஆண்ட காலத்திலே, ஆயுதம் ஏந்தியோருக்கு எதிராக ஊரிலெழுந்த முணுமுணுப்பு பெரும்பாலான தமிழ் ஏடுகளில் வெளிப்படையாக வரவில்லை என்பதையும் நாம் நம் பிள்ளைகளுக்கு ஒளிக்கக் கூடாது.

அச்சம் என்று ஒன்றிருக்கிறது. அதைச் சொல்லாமல் பத்திரிகையாளரைக் குறைகூறுவது அநியாயம். 2005 ஏப்ரல் 28ஆம் நாள் இரவு, இதே பம்பலப்பிட்டியில், பொலிஸ் நிலையத்தின் எதிரே, தராக்கி என்ற பெயரில் எழுதிவந்த தர்மரத்தினம் சிவராம் கடத்தப்பட்டார். மறுநாட் காலை பாராளுமன்றத்துக்கு அண்மையில் அவருடைய உடல் கிடந்தது. 2000 ஒக்டோபர் 19இல் மயில்வாகனம் நிமலராஜன் யாழ்ப்பாணத்திலே தம் வீட்டினுள் எழுதிக்கொண்டிருக்கும்போதே கொல்லப்பட்டார். இரண்டுக்கும் எவரும் தண்டிக்கப்படவில்லை. பத்து வரி எழுதவேண்டிய இடத்தில் ஒருவர் நான்கு வரியோடு நிறுத்தினால், மீதி ஆறு வரியும் எங்கே போயின என்று கேட்கும்போது, அந்த இரண்டு பெயர்களையும் மனத்திற்கொண்டு கேளுங்கள்.

அஞ்சாமல் ஒருவன் நின்று எண்ணினால் என்ன நேரும் என்பதற்கும் சரித்திரத்திலே சான்றுண்டு. 1930 மே 21இல் குசராத்தின் தாராசனா உப்பளத்திலே, சரோசினி நாயுடு அம்மையாரின் தலைமையிற் சென்ற சத்தியாக்கிரகிகள் வரிசை வரிசையாக அடிபட்டு வீழ்ந்தனர். வெப் மில்லர் என்ற அமெரிக்க நிருபர் அங்கே நின்றார். பின்பு காயம்பட்டோர் கிடந்த இடத்துக்குப் போய் எண்ணினார்: 320 பேர். இருவர் இறந்துவிட்டனர். அவர் அனுப்பிய தந்தியை அதிகாரிகள் தடுக்க முயன்றும் செய்தி உலகெங்கும் பரவிற்று. சாம்ராச்சியத்தை வைது அவர் எழுதவில்லை, எண்ணி எழுதினார். 1956இல் காலிமுகத்திடலில் ஒரு வெப் மில்லர் நின்றிருக்கலாகாதா என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

நிருபர் வராவிட்டால் என்ன செய்வது? 2020இல் டில்லியின் எல்லையிலே இலட்சக்கணக்கில் முகாமிட்ட பஞ்சாப், அரியானாக் கமக்காரர் அதற்கொரு வழி கண்டார்கள். தொலைக்காட்சிகள் பல அவர்களைத் தேசத்துரோகிகள் என்றன. அவர்கள் ஏசிக்கொண்டிருக்கவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் 'டிரொலி டைம்ஸ்' என்ற பெயரிலே பஞ்சாபியிலும் இந்தியிலும் ஓர் ஏட்டை வெளியிட்டார்கள். உழவு இயந்திரத்தின் பின்னே பூட்டும் இழுவைப் பெட்டிதான் டிரொலி; அதிலே உறங்கி அதிலே சமைத்தவர்களின் ஏடு. தங்கள் கோரிக்கையைத் தாங்களே அச்சிட்டார்கள். 2021 நவம்பரில் அந்த மூன்று வேளாண் சட்டங்களையும் மீளப்பெறுவதாகப் பிரதமர் அறிவித்தார். ஏட்டினாலேயே அது நடந்ததென்று சொல்லமாட்டேன். ஆனால் பிறருடைய தலைப்புக்காக அவர்கள் காத்திருக்கவில்லை.

நம்மிடம் இப்போது கைத்தொலைபேசி இருக்கிறது. அதிற் பரவும் பொய்யும் மிகுதி; அந்தப் பொய்யைச் சாட்டாக வைத்து இயற்றப்பட்டதுதான் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம். எது பொய்யான கூற்று என்று தீர்மானிக்க ஓர் ஆணைக்குழு! ரம்புக்கனையிலே எது பொய் என்று அன்றிரவு எந்த ஆணைக்குழு தீர்மானித்திருக்கும்? ஆகையால், படம் எடுப்பவர் நாளையும் நேரத்தையும் இடத்தையும் அதனோடு சொல்லுங்கள். கேட்டது வேறு, கண்டது வேறு என்று பிரித்துச் சொல்லுங்கள்.

சங்கம் அமைத்திருக்கும் கமக்காரருக்கு ஒரு வேண்டுகோள். ஆர்ப்பாட்டத்துக்குப் போகும் அன்று கோரிக்கையை அரைப் பக்கத்தில், தமிழிலும் சிங்களத்திலும், எண்ணோடும் ஏக்கர்க் கணக்கோடும் எழுதிக் கொண்டுபோங்கள். வந்த நிருபர் எவராயினும் கையிற் கொடுங்கள். கொழும்பிலுள்ள தொழிலறிஞர்களே, அதைச் சிங்களத்தில் எழுதிக் கொடுக்கும் வேலை உங்களுடையது. மறுநாள் ஏட்டைப் பாருங்கள். கோரிக்கை வரவில்லையானால் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுங்கள். கடிதமும் வராவிட்டால், 2003இல் பத்திரிகைத் துறையினரே அமைத்த முறைப்பாட்டு ஆணைக்குழு இருக்கிறது. கத்தரித்த ஏட்டுத்துண்டையும் கொடுத்த அரைப் பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள். 1973இன் சட்டத்தால் வந்த அரச பத்திரிகைப் பேரவையோடு இதனைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்; பத்திரிகையாளரைச் சிறைக்கு அனுப்ப வழிசெய்யும் சட்டம் அது. அதன் கதவை நாம் தட்டக் கூடாது.

நேரம் கடந்துவிட்டது. கிளிநொச்சியிலிருந்து வந்த ஐயா ஒருவர், இரணைமடுத் தண்ணீர் பற்றிய தங்கள் கூட்டத்துச் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு முன்வரிசையிற் காத்திருக்கிறார். அது எந்தப் பக்கத்தில் வந்தது, எத்தனை வரி வந்தது என்பதை அவரே வாசித்துக் காட்டட்டும்.